மனுக்காரம்மா வீடு – 14: திருப்பி அனுப்பிய தபால்

வாசலில் நின்ற பெண்ணை உள்ளே கூப்பிடாமலேயே போன வாரம் விட்டுவிட்டோம். பாவம், ஏழு நாளாக ஒரே காலில் நிற்கிறாள். முதலில் அவளை உட்கார வைப்போம்.

உட்கார வைக்கத்தான் இடம் இல்லை. கூடத்தில் இருந்த மூன்று நாற்காலிகளில் ஒன்றில் மிஞ்சிப்போன அழைப்பிதழ்க் கட்டு, ஒன்றில் மைக் வயர்ச் சுருள். மூன்றாவதில், துணி போர்த்திக்கொண்டு, மனுக்காரம்மாவே உட்கார்ந்திருந்தார். அதாவது அவருடைய படம்.

அவர் போய் இன்றோடு ஒரு வருஷம். சொந்த நாட்டில் வீடும் வாசலும் எரிந்து, கட்டின துணியோடு எல்லை தாண்டி வந்து இந்த ஊரில் ஒண்டியவர்களுக்கெல்லாம் இருபத்தேழு வருஷம் மனு எழுதிக் கொடுத்தவர். நிலையான விலாசம் இல்லாதவர்களின் மனுவில் தன் வீட்டு விலாசத்தையே போட்டு அனுப்புவார். அந்த வகையில் இந்த இரண்டு அறை வீட்டில் ஒரு காலத்தில் இருநூறு பேர் குடியிருந்தார்கள், தாளில்.

சாயங்காலம் நாலரைக்கு நூலக மாடியில் படத்திறப்பு. ஏற்பாடு முழுக்க மகள். பள்ளிக்கூடத்தில் துணைத் தலைமையாசிரியை. மாணவர் சேர்க்கை அவள் பொறுப்பு. வரிசை, விதி, நேரம் மூன்றும் அவளுக்கு மூச்சு மாதிரி. மாப்பிள்ளை, அவள் சொன்னதைச் செய்பவர்.

மனுக்காரம்மாவின் கணவர் பல்செட் செய்கிறவர். இந்தத் தெருவில் அறுபது தாண்டியவர்கள் சிரிக்கிற சிரிப்பில் பாதி அவர் கையால் ஆனது. அவர் சிரித்துத்தான் யாரும் பார்த்ததில்லை. இன்று காலையும் கூடத்தை ஒட்டிய பட்டறை அறையில், மேல்தாடைக்கு ஒரு செட், கீழ்த்தாடைக்கு ஒரு செட் என்று வைத்துக்கொண்டு மெருகு போட்டுக்கொண்டிருந்தார். அந்தப் பல் யாருடையது என்பதைப் பிறகு சொல்கிறேன். அதில்தான் இருக்கிறது கூத்து.

"உள்ள வாம்மா," என்றார் வேறு வழியில்லாமல்.

அவள் சலவைக்கடையில் இஸ்திரி போடுகிறவள். உறையை நீட்டினாள். "இதைப் படிங்க அண்ணே. எனக்குப் படிச்சுப் படிச்சு மனப்பாடம் ஆயிடுச்சு."

மூக்குக்கண்ணாடியை ஏற்றிக்கொண்டு படித்தார். இந்த நாட்டில் தங்க அனுமதி கேட்டு அவள் கொடுத்த மனு மீது விசாரணைக்கு மூன்று முறை தேதி போட்டு, அவள் கொடுத்த விலாசத்துக்குப் பதிவுத் தபால் அனுப்பினார்களாம். மூன்றும் 'வாங்க மறுப்பு' என்று திரும்பி வந்ததாம். ஆகவே கோப்பு மூடப்பட்டது.

அவள் கொடுத்த விலாசம், இந்த வீடு.

"ஒரு வருஷமா சத்தமே இல்லையேன்னு முந்தாநாள் நானே போய்க் கேட்டேன். இதைக் கையில கொடுத்தாங்க. மூடின தேதியிலிருந்து முப்பது நாளைக்குள்ள விலாசக்காரர் நேர்ல வந்து, தபால் ஏன் திரும்பிச்சுன்னு எழுதிக் கொடுத்தா மறுபடி திறப்பாங்களாம்."

"முப்பதாவது நாள் என்னைக்கு?"

"இன்னைக்கு. நாலு மணி வரைக்கும்."

"நேத்தே வந்திருக்கலாமே."

"வந்தேன். உள்ள மெஷின் சத்தம் கேட்டுது. கதவு திறக்கல."

பல்செட்காரர் உறையை மடித்தார். விரித்தார். நேற்று ஜன்னல் வழியாக அவளைப் பார்த்ததும், பார்த்தவுடன் மெஷினை இன்னும் கொஞ்சம் வேகமாக ஓட்டியதும் அவருக்கு மட்டும்தான் தெரியும். இப்போது நமக்கும்.

"எழுதிக் கொடுக்கலைன்னா?"

"பதினாலு நாள்ல கிளம்பணும். எங்க கிளம்புறதுன்னு அதுல போடல."

தபாலைத் திருப்பியது யார் என்று அவள் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அவருக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

திருப்பியது அவர்தான். மனைவி போன ஒன்பதாவது நாள், வாசலில் தபால்காரர் அவள் பெயரைச் சத்தமாகக் கூப்பிட்டார். 'கேர் ஆஃப்' என்று மனைவி பெயரைப் போட்டு யாருக்கோ வந்த தபால். "வேண்டாம், கொண்டு போங்க," என்றார். அன்று அது துக்கம், சரி. அடுத்த வாரமும் அப்படியே சொன்னார். இருபத்தேழு வருஷம் இந்தக் கூடத்தில் யாராவது அழுதுகொண்டிருந்தார்கள், யாருடைய குழந்தையாவது அவர் பல்லச்சுக்கு வைத்திருந்த மெழுகைத் தின்றுகொண்டிருந்தது, குளியலறைக்கு அவரே வரிசையில் நின்றிருக்கிறார். இப்போதுதான் வீடு வீடாக இருந்தது. மூன்றாவது தபாலைத் திருப்பியபோது வந்தது துக்கம் இல்லை, நிம்மதி. அதற்கப்புறம் தபால்காரர் கேட்பதையே விட்டுவிட்டார். படிக்கட்டில் நின்றே 'மறுப்பு' என்று எழுதிக்கொண்டு போய்விடுவார்.

"யாருப்பா அது?" என்று சமையலறையிலிருந்து மகள் வந்தாள். உறையை வாங்கினாள், படித்தாள். அப்பாவின் முகத்தையும் படித்தாள். ஆசிரியை அல்லவா, குற்றவாளி எந்த பெஞ்சில் என்று தெரிந்துவிடும்.

"நீங்களாப்பா?"

"ம்."

"மூணையுமா?"

"ம்."

மகள் சலவைக்கடைப் பெண்ணைப் பார்த்து, "கொஞ்சம் வெளிய நில்லுங்கம்மா," என்றாள். அந்தப் பெண் நகரவில்லை. "ஏற்கெனவே நிறைய நின்னாச்சு," என்று மைக் வயரை ஒதுக்கிவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தாள். ஆக, இருப்பதில் ஒரே நல்ல நாற்காலி அவளுக்குப் போயிற்று.

மகள் குரலைத் தாழ்த்தினாள். "அப்பா, இன்னைக்கேவா? அம்மா வீட்டுலயே தபாலைத் திருப்பி அனுப்பினாங்கன்னு நீங்க கைப்பட எழுதிக் கொடுத்துட்டா, சாயங்காலம் நான் அம்மாவைப் பத்தி எந்த மூஞ்சியோட பேசுறது? அந்த ஆபீஸ்ல இருந்தே பத்து பேர் வர்றாங்க."

"இன்னைக்குத்தான் கடைசி நாளாம்."

மாப்பிள்ளை நடுவில் புகுந்தார். "மாமா, உடம்பு சரியில்லாம படுத்திருந்தேன், தபால் வந்ததே தெரியலன்னு எழுதிடுங்க. யார் வந்து கேட்கப் போறா?"

"விதின்னு ஒண்ணு இருக்கு," என்றாள் மகள், கணவரைப் பார்த்து. "பேப்பர் இல்லாம அம்மாவே சிபாரிசுக்கு வந்தப்போகூட நான் ஒரு பிள்ளையைச் சேர்த்ததில்லை. ஆபீஸ்ல பொய்யா எழுதிக் கொடுக்கச் சொல்றீங்க." பிறகு, எழுதவே வேண்டாம் என்பதுதான் தன் கட்சி என்பது நினைவுக்கு வந்து, "எழுதவே வேண்டாங்கறேன்," என்று சேர்த்துக்கொண்டாள்.

"அப்ப இவங்க?" என்றார் அப்பா, நாற்காலியில் இருந்தவளைக் காட்டி.

மகள் சேலைத் தலைப்பைச் சரி செய்தாள். "சிறப்பு விருந்தினர் பல் முடிஞ்சுதா?" என்றாள்.

இப்போது அந்தப் பல்லுக்கு வருவோம். சிறப்பு விருந்தினர், அகதிகள் பதிவு அலுவலகத்தில் பெரிய அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். மனுக்காரம்மாவின் மனுக்களில் பத்துக்கு எட்டைத் தள்ளுபடி செய்த புண்ணியவான். ஓய்வுக்குப் பிறகு பல்லும் போயிற்று, பகையும் போயிற்று. "அம்மையார் ஓர் இமயம்" என்று எட்டுப் பக்கத்துக்குப் பேச்சு எழுதி வைத்திருக்கிறார். போன வாரம் அவருடைய பழைய பல்செட் கழுவுதொட்டியில் விழுந்து இரண்டாக உடைந்தது. பல் இல்லாமல் அவர் பேசினால் 'இமயம்' என்பது காற்றாகத்தான் வரும். புதுப் பல் நாலு மணிக்குள் போய்ச் சேர வேண்டும்.

பல்செட்காரர் பட்டறைக்குள் போனார். மெஷின் பத்து நிமிஷம் ஓடி நின்றது. சட்டையை மாற்றிக்கொண்டு வெளியே வந்தார். தண்ணீர் ஊற்றிய சின்ன டப்பாவில் பல்லைப் போட்டு மூடி, சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டார். பல் காய்ந்தால் வளைந்துவிடும் என்பது தொழில் கவலை.

"போற வழியில கொடுத்துடறேன்," என்றார், வழி எது என்று சொல்லாமல்.

"அப்பா."

"என்னம்மா?"

மகளுக்குச் சொல்ல நிறைய இருந்தது. "கண்ணாடி எடுத்துக்கிட்டீங்களா?" என்றாள்.

எடுத்துக்கொள்ளவில்லை. பட்டறை மேசையிலேயே கிடந்தது. ஆனால் "ம்" என்றார்.

தெருமுனையில் சலவைக்கடைப் பெண் அவரை ஒரு முறை மேலும் கீழும் பார்த்தாள். "இந்தச் சட்டையோடவா ஆபீசுக்கு வர்றீங்க?"

"ஏன், துவைச்சதுதான்."

"துவைச்சதுதான் தெரியுதே. கடைக்குள்ள வாங்க, ரெண்டு நிமிஷம். எனக்காகக் கையெழுத்துப் போடற ஆளு கசங்கி இருந்தா என் கோப்பும் கசங்கும்."

இரண்டு நிமிஷம் அவர் பனியனோடு சலவை மூட்டைகளுக்கு நடுவில் நின்றார். மன்னிப்புக் கேட்க அதுதான் நேரம் என்று நினைத்துத் தொண்டையைச் செருமினார். அவள் இஸ்திரிப் பெட்டியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"மன்னிப்பெல்லாம் வேண்டாம் அண்ணே. கையெழுத்து போதும்."

அகதிகள் பதிவு அலுவலகத்தில் அவர்களுக்குக் கிடைத்த சீட்டு எண் அறுபத்தொன்று. பலகையில் ஓடிக்கொண்டிருந்தது இருபத்தெட்டு. மணி ஒன்றே கால். ஆணி அடித்து ஒன்றோடொன்று கோத்த நாற்காலிகள். ஒருவர் கால் ஆட்டினால் வரிசையே ஆடும். மனைவி இருபத்தேழு வருஷம் உட்கார்ந்த இடம். ஒரு நாளும் அவர் கூட வந்ததில்லை. நாற்காலி இத்தனை கடினம் என்று அவளும் சொன்னதில்லை. முதுகுவலி என்பாள், மனு எழுதிக் குனிந்ததால் என்று இவர் நினைத்துக்கொள்வார்.

மூன்று மணிக்கு மாப்பிள்ளையின் போன். "மாமா, அவர் வந்துட்டாரு. சீக்கிரமே வந்துட்டாரு. வாயில கைக்குட்டையை வெச்சுக்கிட்டு உட்கார்ந்திருக்காரு. பல் எங்க?"

"என் பையில."

"நீங்க எங்க?"

"நாப்பத்தொன்பதுல."

மூன்றரைக்கு மறுபடி. "மாமா, நான் வேணா வந்து பல்லை வாங்கிட்டுப் போகட்டுமா?"

"நீங்க வந்தா மைக்கை யாரு பார்ப்பாங்க?"

அது உண்மை. மாப்பிள்ளை மைக்கைப் பார்க்கப் போனார்.

மூன்று நாற்பத்தெட்டுக்கு அறுபத்தொன்று வந்தது. கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் ஒரு பெண் எழுத்தர். விலாசத்தைப் பார்த்ததும் நிமிர்ந்தாள்.

"மனுக்காரம்மா வீட்டுக்காரரா? அவங்க வந்தா நாங்க பின்வாசல் வழியா சாப்பிடப் போயிடுவோம் சார். திரும்பி வந்தா அதே இடத்துல இருப்பாங்க." கொஞ்சம் நிறுத்தி, "அவங்க இல்லாம இப்ப சாப்பாட்டுக்கு முன்வாசல் வழியாத்தான் போறோம்," என்றாள். அதில் வருத்தமா நிம்மதியா என்று பிரிக்க முடியவில்லை. பல்செட்காரருக்கு அந்தக் குரல் நன்றாகவே புரிந்தது.

படிவத்தில் ஒரு கட்டம்: தபால் பெறப்படாததற்கான காரணம். எழுத்துகள் மங்கலாகத் தெரிந்தன. தாளைக் கை நீட்டும் தூரத்தில் பிடித்துக்கொண்டு யோசித்தார். மாப்பிள்ளையின் யோசனைதான் முதலில் வந்தது.

"உடம்பு சரியில்லைன்னு போடலாமாம்மா?"

"போடலாம் சார். டாக்டர் சான்றிதழ் வேணும், ஒரு வருஷத்துக்கும்."

"நிஜத்தை எழுதினா?"

"நிஜத்துக்கு சான்றிதழ் வேண்டாம். கையெழுத்து போதும். ஆனா தப்பு இவங்க மேல இல்ல, உங்க மேலன்னு தெளிவா இருக்கணும். பன்னிரண்டு நிமிஷம் இருக்கு."

அவர் எழுதினார். எழுத்தர் விதிப்படி அதை உரக்கப் படித்தாள்.

"'என் மனைவி இறந்த பின் வீட்டில் அமைதி வேண்டும் என்று தோன்றியது. வந்த தபால்கள் மற்றவர்களுடையவை என்று தெரிந்தே திருப்பி அனுப்பினேன். இந்தப் பெண்ணுக்கு இது தெரியாது. தவறு முழுவதும் என்னுடையது.'"

பக்கத்தில் நின்ற பெண் அவர் பக்கம் திரும்பி, "அந்தச் சத்தத்துல நானும் ஒருத்தி, இல்லையா?" என்றாள்.

"ஆமாம்மா."

"என் பொண்ணுதான் உங்க மெழுகைத் தின்னது."

"தெரியும்."

எழுத்தர் முத்திரையைக் குத்தினாள். மூன்று ஐம்பத்தாறு. கோப்பு திறந்தது. சலவைக்கடைப் பெண் முத்திரை காய்கிற வரைக்கும் அதையே பார்த்தாள். மை காய்ந்ததும் மடித்து ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டாள்.

"இன்னொரு கையெழுத்து இருக்கு சார். இனிமே இந்த விலாசத்துக்கு வர்ற தபாலை வாங்கிச் சேர்ப்பேன்னு."

அவர் பேனாவைக் கீழே வைத்தார். இது வேறு. முதல் கையெழுத்து நடந்ததற்கு, இது நடக்கப்போவதற்கு. மறுபடி அந்தக் கூடம், அந்த அழுகை, குளியலறை வாசலில் அந்த வரிசை. அவருக்கு அறுபத்தைந்து வயது. உட்கார்ந்த இடத்திலேயே இன்னும் நாலு நாள் உட்கார்ந்திருக்கலாம் போல அலுப்பு.

"எத்தனை பேருக்கு வரும்?"

எழுத்தர் கணினியைத் தட்டி ஒரு தாளை உருவி நீட்டினாள். "உங்க விலாசத்துல இருந்து திரும்பினது இவங்களோட சேர்த்துப் பதினேழு பேருக்கு. இவங்க முடிஞ்சுது. பாக்கி பதினாறு. பேருக்கு நேரா மீதி நாள் போட்டிருக்கு. ஆனா அவங்க எங்க இருக்காங்கன்னு எங்களுக்குத் தெரியாது. எங்களுக்குத் தெரிஞ்ச ஒரே விலாசம் உங்களுதுதான்."

மூன்று தபால்தான் என்று நினைத்து வந்தவர். பதினாறு.

இரண்டாவது கையெழுத்தையும் போட்டார். மனசு நிறைந்து போட்டார் என்றால் அது பொய். நேரமாகிவிட்டது, போட்டார்.

வாசலில் சலவைக்கடைப் பெண் விடைபெற்றாள். "முதலாளி ரெண்டு மணி நேரம்தான் விட்டாரு, மூணு ஆச்சு. வர்றேன் அண்ணே." நாலடி போய்த் திரும்பினாள். "சட்டைப் பை நனைஞ்சிருக்கு. பல் ஒழுகுது."

நூலக மாடிக்கு அவர் ஏறும்போது ஐந்தாகிவிட்டது. நாற்பது பேர். தேநீர் இரண்டு சுற்று முடிந்திருந்தது. நன்றியுரையை மாப்பிள்ளை முன்கூட்டியே சொல்லி முடித்துவிட்டார். சிறப்பு விருந்தினர் கைக்குட்டைக்குப் பின்னாலிருந்து தலையாட்டி ஏற்றுக்கொண்டாராம். டப்பாவைக் கண்டதும் மனிதர் சின்னப் பிள்ளை மாதிரி இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு புத்தக அலமாரிக்குப் பின்னால் போனார்.

மகள் பல்லைக் கடித்துக்கொண்டு சிரித்தாள். அவள் பல் சொந்தப் பல். "எழுதிக் கொடுத்துட்டீங்களா?"

"கொடுத்துட்டேன்."

"என்னன்னு?"

"நடந்ததை." பட்டியலை நீட்டினார். "கண்ணாடியை விட்டுட்டு வந்துட்டேன். நீ படி."

"என்ன இது?"

"நான் திருப்பின மத்தவங்க. பதினாறு பேர். எங்க இருக்காங்கன்னு யாருக்கும் தெரியாது."

"இங்கயா படிக்கச் சொல்றீங்க? மைக்லயா?"

"இங்க நாப்பது பேர் இருக்காங்க. எல்லாரும் உங்கம்மாவைத் தெரிஞ்சவங்க. யாருக்காவது யாரையாவது தெரியும்."

அவள் துணி போர்த்திய படத்தைப் பார்த்தாள். அலமாரிப் பக்கம் பார்த்தாள். பிறகு மைக் முன்னால் போய் நின்று, எதற்கு என்று ஒரு வார்த்தை விளக்காமல், முதல் பெயரைப் படித்தாள். இருபது வருஷம் வருகைப் பதிவேடு வாசித்த குரல். அந்தக் குரலுக்கு யாரும் பதில் சொல்லாமல் இருக்க முடியாது.

முதல் பெயருக்குச் சத்தம் இல்லை. இரண்டாவதற்கும் இல்லை. மூன்றாவதற்குப் பின்வரிசையிலிருந்து, "எங்க பேக்கரியில மாவு பிசையறான்," என்று ஒரு குரல். ஆறாவதற்கு முடிதிருத்துகிறவர் கையைத் தூக்கினார். ஒன்பதாவதற்கு எழுந்தவர் தபால்காரர்.

"அந்தாளு மார்க்கெட்டுக்குப் பின்னாடி குடியிருக்காரு. தினம் பார்க்கிறேன்."

"தினம் பார்த்துட்டு அவர் தபாலைத் திருப்பி அனுப்பினீங்களா?" என்றாள் மகள்.

"தபால் விலாசத்துக்குத்தாம்மா கொடுக்கணும், ஆளுக்கில்லையே. விதின்னா விதி." உட்கார்ந்துகொண்டார்.

மகள் அடுத்த பெயரைப் படித்தாள். அதற்கடுத்ததற்கு வாயைத் திறந்து, மூடினாள். அப்புறம் வேறு ஒரு பெயரைப் படித்துத் தொடர்ந்தாள்.

கூட்டத்தில் யாரும் கவனிக்கவில்லை. ஆனால் பல்செட்காரர் தாடைக்குப் பதினாலு என்று எண்ணி எண்ணிக் கோத்தே நாற்பது வருஷம் கழித்தவர். நடுவில் ஒன்று விட்டுப்போனால் கண்ணாடி இல்லாமலே தெரியும். பட்டியல் முடிந்ததும் மேடை ஓரத்துக்குப் போனார்.

"பதினஞ்சுதான் படிச்ச. பதினொண்ணாவது எங்க?"

மகள் மைக்கை உள்ளங்கையால் மூடினாள். "பத்து மாசம் முன்னாடி என் மேசைக்கு எதிர்ல நின்னாருப்பா. கையில ஏழு வயசுப் பொண்ணு. 'பேப்பர் இல்லாம சேர்க்க முடியாது, தபால் வரட்டும், அன்னைக்கே சேர்த்துக்கிறேன்'னு சொன்னேன். 'எப்ப வரும்'னு அந்தப் பொண்ணு கேட்டுச்சு. அப்புறம் அவங்க வரவே இல்ல. நான் மறந்தே போயிட்டேன்."

"தபால் வந்துதும்மா," என்றார் அவர். "நான்தான் வாங்கல."

"அவருக்கு மீதி நாள் எவ்வளவு போட்டிருக்கு? எனக்கு எழுத்து தெரியல," என்றார் பட்டியலைக் காட்டி.

"ரெண்டு."

அலமாரிக்குப் பின்னாலிருந்து சிறப்பு விருந்தினர் வெளியே வந்தார். பல் கச்சிதமாகப் பொருந்தியிருந்தது. எட்டுப் பக்கத்தையும் கையில் பிடித்துக்கொண்டு, எல்லோரையும் பார்த்துப் பளீரென்று சிரித்து, மைக்குக்காகக் கையை நீட்டினார்.

மகள் மைக்கை விடவில்லை.